விமான தூரம்: சூத்திரத்தில் இல்லை தவறு, எண்ணைப் படிப்பதில்

கீழக்கரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வெளிநாடு போகிறவர்களுக்கு மதுரைதான் கைக்கெட்டும் விமான நிலையம். அங்கிருந்து துபாய் எத்தனை கிலோமீட்டர் என்று நான்கு பேர் கணக்குப் போட்டால் நான்கு விடை வரும். பெரும்பாலும் சூத்திரம் சரியாகவே இருக்கும். அதில் போட்ட எண்தான் தவறாக இருக்கும்.

மதுரை நிலையம் வடக்கு 9 டிகிரி 50 நிமிடம், கிழக்கு 78 டிகிரி 6 நிமிடம். இதை 9.50 என்று எழுதிவிடுகிறார்கள். 60 நிமிடம் சேர்ந்தால்தான் ஒரு டிகிரி. 50-ஐ 60-ஆல் வகுத்து 9.833 என்றுதான் எழுத வேண்டும். இந்த ஒரு இடத்திலேயே 20 நிமிடம், அதாவது 37 கிலோமீட்டர் பிசகிவிடும்.

அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். கொழும்பு கட்டுநாயக்க நிலையம் வடக்கு 7 டிகிரி 11 நிமிடம், கிழக்கு 79 டிகிரி 53 நிமிடம். மதுரையோடு ஒப்பிட்டால் தெற்கே 159 நிமிடம், கிழக்கே 107 நிமிடம். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதால் 107-ஐ நடு அட்சரேகையான எட்டரை டிகிரியின் கொசைனால், 0.989-ஆல், பெருக்க வேண்டும்: 105.8. இரண்டையும் வர்க்கம் செய்து கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 191 கடல் மைல், 354 கிலோமீட்டர். 191-ஐச் சாலை மைலாக நினைத்து 1.609-ஆல் பெருக்கினால் 46 கிலோமீட்டர் காணாமல் போகும்.

நம் கரையில் அந்தக் கொசைனை விட்டுவிட்டாலும் பிழை பெரிதாகத் தெரியாது. அந்தப் பழக்கத்தோடு துபாய்க்குக் கணக்குப் போட்டால் 57 கடல் மைல் கூடுதலாக வரும். நீண்ட தூரத்துக்கு உருண்டைக் கணக்குதான் சரி: இரு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கி, அதோடு அவற்றின் கொசைன்கள், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைன் ஆகிய மூன்றின் பெருக்கலைக் கூட்டுங்கள். அதன் தலைகீழ்க் கொசைனை டிகிரியில் எடுத்து 60-ஆல் பெருக்கினால் மதுரை–துபாய் சுமார் 1,591 கடல் மைல், 2,947 கிலோமீட்டர். எக்செல் கோணத்தை ரேடியனில்தான் எடுத்துக்கொள்ளும். டிகிரியை அப்படியே கொடுத்தால் அபத்தமான விடை வரும்.

விமானம் உண்மையில் பறப்பது இதைவிட அதிகம். ஏறும் வழி, இறங்கும் வழி, வான்பாதை வளைவு எல்லாம் சேரும். அதனால்தான் சர்வதேச சிவில் விமான அமைப்பின் கார்பன் உமிழ்வுக் கணக்கில் 550 கிலோமீட்டருக்குக் குறைந்த தூரத்துக்கு 50, அதற்கு மேல் 5,500 வரை 100 கிலோமீட்டர் கூட்டுகிறார்கள்.

விமானக் கணக்கில் இந்தப் பிழை வெறும் எண்தான். படகில் அப்படியில்லை. 1974 இந்திய–இலங்கை கடல் எல்லை ஒப்பந்தத்தில் கச்சத்தீவுப் பக்கத்து எல்லைப் புள்ளி ஒன்றின் அட்சரேகை 9 டிகிரி 21.80 நிமிடம். ஜிபிஎஸ் கருவி தசம டிகிரியில் இருக்கும்போது அதை 9.2180 என்று அடித்தால் புள்ளி 8.7 கடல் மைல் தெற்கே நகர்ந்துவிடும். வலை ஏற்றும் முன் அமைப்பில் நிலைக் குறியீடு ‘டிகிரி, நிமிடம், நிமிடத்தின் தசமம்’ என்றும், டேட்டம் (எண்களுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் பூமி அளவு முறை) டபிள்யூஜிஎஸ் 84 என்றும் இருக்கிறதா பாருங்கள். பிறகு ஜெட்டியில் நின்றபடியே கருவி காட்டும் எண்ணை, அதே இடத்துக்குக் கைபேசி வரைபடம் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். கைபேசி தசம டிகிரியில் காட்டினால், புள்ளிக்குப் பின்னால் வரும் தசமத்தை மட்டும் 60-ஆல் பெருக்கி நிமிடமாக்கிக்கொள்ள வேண்டும்.