நூல் சுற்றும் முன் எதிர்முள்ளை நசுக்குங்கள்

ட்ரவுட் மீனுக்கு டிரை ஃப்ளை, அதாவது கொக்கியில் இறகும் நூலும் சுற்றிச் செய்யும் மிதக்கும் செயற்கை ஈ, கட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் கொடுப்பது ஒரு குறடு. கொக்கியின் கூர்முனைக்குச் சற்றுக் கீழே பின்னோக்கிச் சாய்ந்து நிற்கிறதே, அந்த எதிர்முள்ளை நசுக்கிப் படுக்க வைக்கச் சொல்வேன். "கட்டி முடித்துவிட்டுச் செய்யலாமே" என்பார்கள். நசுக்கும்போது சில கொக்கிகள் பட்டென்று முறியும். வெறும் கொக்கி என்றால் போகட்டும். அரை மணி நேரம் குனிந்து கட்டிய ஈ என்றால் வயிறெரியும்.

பிடித்த ட்ரவுட்டைத் திரும்ப ஆற்றில் விடுகிறவர்கள் நிறைய. எதிர்முள் இல்லாத கொக்கியை, மீனைத் தண்ணீரிலிருந்து தூக்காமலே கழற்றிவிடலாம்; வாயும் அவ்வளவாகக் கிழியாது. என் கட்டைவிரலும் இதற்குச் சாட்சி. எதிர்முள்ளோடு ஏறிய கொக்கியை எடுக்க, மரத்துப்போக ஊசி போட வேண்டியிருந்தது. நசுக்கிய கொக்கி ஏறியபோது வந்த வழியே இழுத்தேன், வந்துவிட்டது. மீன் நழுவாதா? தூண்டில் நூலைத் தளரவிடாமல் பிடித்தால் பெரும்பாலும் நழுவாது.

சரி, கட்டுவோம். மெல்லிய கம்பியில் செய்த 14-ஆம் எண் கொக்கி போதும். எண் கூடக்கூடக் கொக்கி சிறுக்கும். இது தெரியாமல் 22 வாங்கி வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. கொக்கியை அசையாமல் பிடித்துக்கொள்ளும் வைஸில் இறுக்கி, கொக்கியின் காதுக்குப் பின்னால் 2 மில்லிமீட்டர் விட்டு, வளைவு தொடங்கும் இடம்வரை நூலைச் சுற்றுங்கள். அங்கே வாலுக்கு விறைப்பான சேவல் இறகிழைகள் ஏழெட்டு, கொக்கித் தண்டின் நீளத்துக்கு. அப்புறம் உடல். மெழுகு தடவிய நூலில் ரோமத்தைத் திரிக்கும்போது, ஒட்டியிருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வர வேண்டும், அவ்வளவு கொஞ்சம். தடித்த உடல் தண்ணீர் குடித்து மூழ்கும்.

இனி ஹேக்கிள். சேவலின் கழுத்து இறகு, இழையின் நீளம் கொக்கி வாயின் (கூர்முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியின்) அகலத்தைப்போல் ஒன்றரை மடங்கு. நாலைந்து சுற்று. ஈ மிதப்பதற்குக் காரணமே இதுதான்: விறைத்த இழைகள் நீரின் மேற்பரப்பைத் துளைக்காமல் அதன்மேல் கால் ஊன்றி நிற்கின்றன. பெட்டைக்கோழியின் இறகு நனைந்ததும் துவண்டுவிடும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த இடத்தில். ஆசையில் இன்னும் இரண்டு சுற்று சுற்றுவார்கள், முதலில் விட்ட 2 மில்லிமீட்டர் காணாமல் போகும், முடிச்சு காதின் மேல் ஏறும். குளிரில் விறைத்த விரல்களோடு ஆற்றில் நின்று அந்தக் காதில் நூல் கோத்துப் பாருங்கள், தெரியும். விப் ஃபினிஷ் என்னும் கடைசி முடிச்சைப் போட்டு, ஊசி நுனியால் ஒரே ஒரு சொட்டு வார்னிஷ். துளைக்குள் இறங்கினால், காய்வதற்குள் இறகுத் தண்டு ஒன்றை நுழைத்து இழுத்தால் சுத்தமாகிவிடும். வார்னிஷ் வாடை தலைக்கு ஏறும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

குறட்டைக் கையில் எடுக்கும்போதே பாதுகாப்புக் கண்ணாடியையும் போட்டுக்கொள்ளுங்கள். முறிந்த முனை எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. ஆற்றிலும் அதைக் கழற்ற வேண்டாம். கண்ணில் கொக்கி ஏறிவிட்டால், எதிர்முள் நசுக்கியதாகவே இருந்தாலும், இழுக்காதீர்கள், தேய்க்காதீர்கள். கண்ணை அழுத்தாதபடி ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.