மூன்றில் ஒரு பங்கு: அந்தக் கணக்கு பிறந்த இடம்

2020 ஜூன் 16. கொரோனாவுக்கு மருந்து இல்லையே என்று உலகமே கையைப் பிசைந்துகொண்டிருந்த நேரம். பிரிட்டனில் நடந்துவந்த 'ரெக்கவரி' ஆய்விலிருந்து ஒரு நல்ல சேதி வந்தது. டெக்ஸாமெத்தசோன் என்கிற பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்தை நாளுக்கு 6 மில்லிகிராம் கொடுத்தால், வென்டிலேட்டரில் இருப்பவர்களின் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது.

ஆய்வை நடத்திய பீட்டர் ஹார்பி, மார்ட்டின் லேண்ட்ரே ஆகியோரின் பெயர்கள் செய்திகளில் வந்தன. வரவேண்டியதுதான். ஆனால் அந்த 'மூன்றில் ஒரு பங்கு' கணினியில் பிறந்ததல்ல. 170க்கும் மேற்பட்ட மருத்துவமனைகளில், ஒவ்வொரு படுக்கையாகப் போய்ச் சேர்த்தது. சேர்த்தவர்களில் பெரும்பங்கு ரிசர்ச் நர்ஸ்கள், அதாவது ஆராய்ச்சிச் செவிலியர்கள். அவர்கள் வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால்தான் அந்த எண்ணை நாம் ஏன் நம்புகிறோம் என்பதும் புரியும்.

முதல் வேலை, ஆளைக் கண்டுபிடிப்பது. காலையில் வார்டு பட்டியலை எடுத்து, யார் புதிதாக வந்திருக்கிறார், யாருக்குத் தொற்று உறுதியாகியிருக்கிறது, இந்த மருந்து யாருக்கு ஆகாது என்று ஒவ்வொருவராகப் பார்க்க வேண்டும். அப்புறம்தான் கடினமான பகுதி: சம்மதம் வாங்குவது.

அந்தக் காட்சியை நினைத்துப் பாருங்கள். முகக்கவசம், கண்ணாடி மறைப்பு, இரட்டைக் கையுறை. செவிலியரின் குரல் பாதிதான் வெளியே கேட்கிறது. எதிரே இருப்பவர் ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்குகிறார். பக்கம் பக்கமான படிவத்தை அவரால் படிக்க முடியாது. எனவே செவிலியர் குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்கிறார்: "இந்த மருந்து உங்களுக்கு உதவுமா என்று எங்களுக்கே இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் இந்த ஆய்வு. வேண்டாம் என்றாலும் உங்கள் சிகிச்சையில் ஒரு குறையும் வராது." அவர் கையெழுத்துப் போடுகிறார். ஆனால் தொற்று இருக்கும் அறையிலிருந்து அந்தத் தாளை வெளியே கொண்டுபோக முடியாது. பல இடங்களில் என்ன செய்தார்கள் தெரியுமா? தாளைக் கண்ணாடி ஜன்னலில் ஒட்டினாற்போல் பிடித்தார்கள். வெளியே நின்ற இன்னொருவர் அதைப் படம் எடுத்துக்கொண்டார்.

சம்மதம் கிடைத்ததும் நோயாளியின் விவரங்களைக் கணினியில் பதிய வேண்டும். யாருக்கு மருந்து, யாருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. இங்கே செவிலியருக்குப் பெரிய மன உறுதி வேண்டும். கண்ணெதிரே ஒருவர் மோசமாகிக்கொண்டிருக்கிறார். குலுக்கலில் அவருக்கு மருந்து விழவில்லை. இரக்கப்பட்டு மாற்றிவிட்டால்? மோசமான நோயாளிகளெல்லாம் மருந்துப் பக்கம் குவிவார்கள், இறப்பும் அங்கே கூடும், நல்ல மருந்துகூடக் கெட்ட மருந்தாகத் தெரியும். தேறிவிடுவார் என்று தோன்றுகிறவர்களை மட்டும் மருந்துப் பக்கம் சேர்த்தால், உதவாத மருந்து அருமருந்தாகத் தெரியும்.

ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்கிற மலேரியா மருந்து விஷயத்தில் குலுக்கலின் அருமையை நேரிலேயே பார்த்தோம். அதற்காக உலகமே அலைமோதியது. அதே ரெக்கவரி ஆய்வில் 1,561 பேருக்கு அதைக் கொடுத்தார்கள், 3,155 பேருக்குக் கொடுக்கவில்லை. 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் முதல் குழுவில் 27 சதவீதம், இரண்டாவதில் 25 சதவீதம். பலன் இல்லை என்று தெளிவானது. நோயாளிகளும் உறவினர்களும் அந்த மருந்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில், "குலுக்கல்படிதான்" என்று பொறுமையாகச் சொல்லி நின்றவர்களால் கிடைத்த தெளிவு அது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆய்வில் சேர்க்கும்போது ஒரு சின்னக் கேள்விக்கு விடை குறிக்க வேண்டும்: இவருக்கு இப்போது ஆக்ஸிஜன் கொடுக்கப்படுகிறதா, வென்டிலேட்டரில் இருக்கிறாரா, இரண்டும் இல்லையா? அந்த நேரத்தில் பார்த்தால் வெறும் ஒரு குறி. ஆனால் டெக்ஸாமெத்தசோனின் கதையே அதில்தான் இருந்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களுக்கும் ஓரளவு பலன். இரண்டும் தேவைப்படாதவர்களுக்குப் பலனே தெரியவில்லை. அந்தக் குறியை அவசரத்தில் தவறாகப் போட்டிருந்தால் இந்த வேறுபாடுகள் ஒன்றோடொன்று கலங்கிப்போயிருக்கும். லேசான காய்ச்சல்காரர்களுக்கும் ஸ்டீராய்டு கொடுக்கலாம் என்று யாராவது சொல்லியிருக்கலாம்.

அதனால்தான் பதிவேட்டுக்கு அவ்வளவு கண்டிப்பு. பார்த்ததை அப்போதே எழுத வேண்டும். தவறிவிட்டால் அழிக்கக் கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, பழையது படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் சுருக்கொப்பமும் இட வேண்டும். நோயாளிக்கு உயிருக்கு ஆபத்தான விளைவு ஏதாவது வந்தால், பொதுவாக 24 மணி நேரத்துக்குள் ஆய்வை நடத்துகிறவர்களுக்குத் தகவல் போயாக வேண்டும், அது மருந்தால் வந்ததா இல்லையா என்று இன்னும் தெரியாவிட்டாலும்.

தடுப்பூசி ஆய்வுகளில் இன்னொரு கட்டுப்பாடு சேர்ந்தது. சிரிஞ்சில் இருப்பது தடுப்பூசியா, உப்புநீரா என்று அதைத் தயார் செய்பவரைப் போன்ற சிலருக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் அறிகுறிகளைக் கேட்டுப் பதிகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் கேட்கும் தொனியே மாறிவிடும். ஃபைசர் ஆய்வில் 43,000க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் 170 பேருக்கு நோய் வந்தபின் கணக்குப் பார்த்தபோது 162 பேர் உப்புநீர்ப் பக்கம், 8 பேர் தடுப்பூசிப் பக்கம். ஒவ்வொரு தொண்டை வலியையும் இரு பக்கமும் ஒரே அக்கறையோடு விசாரித்ததால்தான் அந்த 162க்கும் 8க்கும் மதிப்பு.

இவ்வளவுக்கும் நடுவில், ஆள் பற்றாக்குறையால் பல ஆராய்ச்சிச் செவிலியர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அங்கே வேலை பார்த்துவிட்டு, பிறகு உட்கார்ந்து படிவம் நிரப்பினார்கள்.

கடைசி வேலை 28ஆம் நாள். நோயாளி வீட்டுக்குப் போயிருந்தால், பல ஆய்வுகளில் தொலைபேசியில் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். சில நேரம் மனைவியோ மகனோ எடுத்து, "அவர் போய்விட்டார்" என்பார்கள். செவிலியர் சற்று நேரம் அவர்களோடு பேசுகிறார், என்றைக்கு நடந்தது என்று தேதியைக் கேட்கிறார். அப்புறம் அந்தத் தேதியைப் படிவத்தில் எழுதிக்கொண்டு, அடுத்த எண்ணை அழுத்துகிறார்.