கரி கிரில்லைப் புகையடுப்பாக மாற்றுவதற்கு முன்

கையில் தூக்கிச் செல்லும் சின்னக் கரி கிரில்லை, கறியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் புகையடுப்பாக மாற்றுவது அரைநாள் வேலைதான். அமெரிக்காவில் வெபர் ஸ்மோக்கி ஜோ கிரில்லின் மேல், தமாலே என்ற மெக்சிகோ உணவை அவிக்கும் 32 குவார்ட் அலுமினியப் பாத்திரத்தை ஏற்றிச் செய்யும் அமைப்பு மிகவும் பிரபலம். நம் ஊரில் 37 செ.மீ. வட்ட கிரில்லும், அதன் வாயில் சரியாக உட்காரும் 30 லிட்டர் அலுமினியப் பாத்திரமும் போதும். வேலை சுலபம் என்பதாலேயே எந்த உலோகம், எந்த இடம், எத்தனை டிகிரி என்று யோசிக்காமல் பலர் இறங்கிவிடுகிறார்கள்.

முதலில் உலோகம். பழைய ஜி.ஐ. வாளியோ ஜி.ஐ. தகடோ வேண்டவே வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு சுமார் 420 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். காற்று நன்றாகக் கிடைக்கும் கரித்தணல் அதைத் தாண்டிப் போகும். துத்தநாகப் புகையைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் உடல்வலியும் வரும். ஜி.ஐ. வெல்டிங் செய்பவர்களுக்கு இந்தக் காய்ச்சல் நன்றாகத் தெரியும். பெயின்ட் டப்பா, ரசாயன டிரம் ஆகியவற்றையும் தொடாதீர்கள். கிரில்லுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை அடைக்க ஹார்டுவேர் கடையில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, கிளாஸ் ஃபைபர் கயிறு கேளுங்கள். அது கிடைக்காவிட்டால் அலுமினிய ஃபாயிலை முறுக்கி வைத்தாலே போதும்.

பாத்திரத்தின் அடியில் 2 செ.மீ. விளிம்பு விட்டு வட்டம் வரைந்து, டிரில்லில் ஒரு துளை போட்டு, உலோக பிளேடு மாட்டிய ஜிக்சாவால் வெட்டி எடுங்கள். பிசிறை அரத்தால் ராவுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முறை கழுவும்போதும் கையைக் கிழிக்கும். மேல்வாயிலிருந்து 10 செ.மீ. கீழே, சம இடைவெளியில் மூன்று துளைகள் போட்டு, 5 செ.மீ. நீளமுள்ள எவர்சில்வர் போல்ட்டுகளை உள்நோக்கி மாட்டினால் கம்பித் தட்டு அதன்மேல் நிற்கும். பாத்திரத்தின் அடிப்பக்கம் இதேபோல் இன்னும் மூன்று போல்ட்டுகள் மாட்டி, ஃபாயில் சுற்றிய மண் தட்டு ஒன்றை வையுங்கள். சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். இந்தத் தட்டு இல்லாவிட்டால் கொழுப்பு நேராகத் தணலில் சொட்டிக் கரும்புகை கிளம்பும். கறியில் கசப்பும் ஏறும். தெர்மாமீட்டருக்கான துளை கம்பித் தட்டின் மட்டத்திலேயே இருக்க வேண்டும். மூடியில் வைத்தால், கறி இருக்கும் இடத்தின் சூடு தெரியாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். தணல் பாத்திரச் சுவரைத் தொடும் அளவுக்குக் கரியைக் குவிக்காதீர்கள்.

முதல் தடவை கறி வைக்காமல் இரண்டு மணி நேரம் நன்றாக எரியவிடுங்கள். பிறகு சமையலுக்கு, பற்றவைக்காத கரி ஒன்றரை கிலோவைப் பரப்பி, நன்றாகக் கனன்ற எட்டுப் பத்துத் துண்டுகளை நடுவில் வையுங்கள். மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம்; அந்த வாடை கறியிலேயே தங்கும். மேல் துவாரம் எப்போதும் முழுக்கத் திறந்திருக்கட்டும். சூட்டை அடித்துவாரத்தால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். தேவையான சூடு 110 முதல் 120 டிகிரி. 90 வந்ததுமே அடைக்கத் தொடங்க வேண்டும், ஏனென்றால் ஒருமுறை 150ஐத் தாண்டிவிட்டால் இறக்க நெடுநேரம் ஆகும். அடித்துவாரத்தை மூடியும் சூடு ஏறினால் கிரில்லும் பாத்திரமும் சேரும் இடத்தில் காற்று கசிகிறது. திறந்தும் ஏறவில்லை என்றால் சாம்பல் அடைத்திருக்கிறது.

டெக்சாஸில் புகையூட்டப் பயன்படுத்தும் மெஸ்கீட் மரமும் நம் சீமைக்கருவேலமும் நெருங்கிய உறவு. இராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் அந்தக் கரியே இதற்குப் பொருத்தம். புகைக்குக் காய்ந்த மா, கொய்யாக் கட்டை இரண்டு மூன்று துண்டு போதும். விஷமுள்ள அரளிக் கட்டை, ப்ளைவுட், பெயின்ட் அடித்த மரம் எதுவும் கூடாது. அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் கறி வைக்காமல் காத்திருங்கள். மெல்லிய நீலப் புகையாக மாறிய பிறகுதான் வைக்க வேண்டும்.

கறி வெந்ததா என்று நிறத்தை நம்பிப் பார்க்காதீர்கள். புகையில் உள்ள நைட்ரஜன் வாயுக்கள் கறியின் நிறமியோடு சேர்வதால், நன்றாக வெந்த கோழியும் ஓரத்தில் இளஞ்சிவப்பாகத் தெரியும். வேகாததும் அப்படியே தெரியும். தொடையின் தடித்த பகுதியில், எலும்பைத் தொடாமல் ஊசித் தெர்மாமீட்டரைக் குத்தி, 74 டிகிரி இருக்கிறதா பாருங்கள். 5 முதல் 60 டிகிரிக்குள் கிருமிகள் வேகமாகப் பெருகும். இந்த மெதுவான சூட்டில் முழுக் கோழியின் உட்புறம் அந்த வரம்பைத் தாண்ட நேரமாகும், அதனால் இரண்டாகப் பிளந்த கோழி நல்லது. பாதி வேகவைத்து எடுத்துவைத்து மறுநாள் முடிக்கும் பழக்கம் கூடவே கூடாது.

இடம் விஷயத்தில் சமரசமே கிடையாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. கார் ஷெட், கூடாரம், கண்ணாடி போட்ட பால்கனி எல்லாமே மூடிய இடம்தான். ஜன்னல் ஒன்று திறந்திருப்பது போதாது. மலைப்பகுதிகளில் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். சமையல் முடிந்து தணல் அணைவதுபோல் இருக்கும்போதும் இந்த வாயு வந்துகொண்டே இருக்கும். மழை வந்தாலும் அடுப்பை உள்ளே தூக்கி வராதீர்கள். அருகில் இருந்தவருக்குத் தலைவலி, தலைச்சுற்றல், வாந்தி வந்தால் உடனே திறந்த வெளிக்குக் கூட்டிச் சென்று 108ஐ அழையுங்கள்.

வேலை முடிந்ததும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். கொதிக்கும் ஆவி கையைச் சுட்டுவிடும். மேலும் கீழுமாக எல்லாத் துவாரங்களையும் மூடிவிட்டால் கரி தானே அணையும். மிச்சத்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். சாம்பலை மறுநாள்தான் எடுக்க வேண்டும். அப்போதும் பிளாஸ்டிக் குப்பைத்தொட்டியில் போடாமல், மூடியுள்ள தகரப் பாத்திரத்தில் கொட்டுங்கள்.