முதலில் அவர்கள் அடுப்பைப் பாருங்கள்

பிரித்தானியாவில், இல்லாதவர்களுக்கு இலவசமாக உணவுப் பொதி கொடுக்கும் உணவு வங்கியின் களஞ்சியத்துக்குள் நுழைந்தால், பேக்டு பீன்ஸும் பாஸ்தாவும் சூப் டின்களும் அடுக்கடுக்காக இருக்கும். சமையல் எண்ணெய், டின் மீன், பழ டின், நீண்டநாள் கெடாத பால் ஆகியவற்றின் தட்டுகள்தான் அடிக்கடி காலியாகும். உணவியலாளராகச் சொல்கிறேன்: நம்மவர்கள் கொடுப்பதில் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. எதைக் கொடுப்பது என்பதில்தான் யோசனை போதாது.

உணவுப் பொதியைப் பெறுபவர் வீட்டில் என்ன அடுப்பு இருக்கிறது? தற்காலிக விடுதியின் ஒற்றை அறையில் இருப்பவருக்குக் கேத்தல் ஒன்றே சமையலறை. முன்பணம் போட்டு ஓட்டும் மின்மீட்டர் உள்ள வீட்டில் ஒரு மணி நேரம் அடுப்பு எரிவதே பெருஞ்செலவு. கொதிநீர் ஊற்றினால் போதும் என்ற வகை உணவுகளைத் தனிப் பொதியாகக் கட்டும் உணவு வங்கிகள் உண்டு. கஸ்கஸ் (கோதுமை ரவை போன்றது), உடனடி ஓட்ஸ், குவளை சூப் எல்லாம் அதற்குத்தான் தேவை. டின் வாங்கினால் வளையம் இழுத்துத் திறப்பதாக வாங்குங்கள். டின் வெட்டி எல்லோரிடமும் இருப்பதில்லை.

உலர்ந்த சிவப்பு ராஜ்மாவை (கிட்னி பீன்ஸ்) பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப்புரதம் உண்டு. இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 10 நிமிடங்கள் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே மெதுவாக வேகவைக்கலாம். மின்சாரத்தை மிச்சப்படுத்த மெதுசமையல் பாத்திரத்தில் (ஸ்லோ குக்கர்) நேரே போட்டால், அந்தச் சூடு நச்சை அழிக்காது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். டின் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, பயமில்லை. உலர்பருப்புதான் கொடுப்பேன் என்றால் நம் மைசூர்ப் பருப்பைக் கொடுங்கள். ஊறவைக்க வேண்டாம், இருபது நிமிடத்தில் வெந்துவிடும்.

பத்துக் கிலோ அரிசி மூட்டை கொடுக்கும்போது மனம் நிறையும். ஆனால் உணவுப் பொதி பெரும்பாலும் மூன்று நாள் கணக்கில் கட்டப்படுகிறது. மூட்டையைப் பிரித்துக் கட்டினால் மூலப்பொருள் விவரம் உறையோடு போய்விடும். ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருள்களை உறையில் எடுத்துக்காட்ட வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். ஆகவே ஒரு கிலோ பைகளே மேல். வீட்டில் அரைத்த மிளகாய்த்தூளுக்கும் இதே சிக்கல். எவ்வளவு மணந்தாலும் பெயர்ச்சீட்டு இல்லாமல் எடுக்கமாட்டார்கள்.

திகதியைப் பார்க்கும்போது எந்தத் திகதி என்றும் பாருங்கள். ‘யூஸ் பை’ பாதுகாப்புக்கானது. அது கடந்ததை யாருக்கும் கொடுக்கக் கூடாது. ‘பெஸ்ட் பிஃபோர்’ தரத்துக்கானது. இருந்தாலும் வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கும் நாளையும் தானம் செய்யும் நாளையும் ஒன்றாக்க வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்களும் அங்கே வருகிறார்கள். பழ டின் சீனிப்பாகில் இல்லாமல் சாற்றில் ஊறியதாக இருக்கட்டும். மீன், பருப்பு, உப்புக் குறைந்த காய்கறி டின்கள் நல்லவை.

கோயில் நிர்வாகங்களுக்கு ஒரு வேண்டுகோள். தேவாலயங்களின் இலையுதிர்கால அறுவடைத் திருநாளிலும் நத்தாரிலும் பொருள்கள் குவியும். கோடையில் பாடசாலை மூடினால் இலவச மதிய உணவும் நின்றுவிடும். பிள்ளைகள் உள்ள வீடுகள் அப்போதுதான் திண்டாடும். உங்கள் சேகரிப்பை யூலை நடுப்பகுதிக்கு வையுங்கள். அதற்கு முந்தைய வாரம் உங்கள் பகுதி உணவு வங்கியை அழைத்து, எது தீர்ந்திருக்கிறது என்று கேட்டு, அந்தப் பட்டியலைக் கோயில் வாசலில் ஒட்டிவிடுங்கள்.