கன்று நடும் முன் கேட்க வேண்டிய கேள்வி

உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 நெருங்கினால் போதும், "ஆயிரம் கன்று நடணும், இடம் காட்டுங்க சார்" என்று பலர் கேட்பார்கள். நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். காடு மீட்பு வேலையில் இருக்கும் நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அங்கே முன்பு என்ன காடு இருந்தது?

இந்தியக் காடுகளை சாம்பியன், சேத் என்ற இரு வனவியலாளர்கள் 1968-ல் 16 பெரும் வகைகளாகப் பிரித்தார்கள். மழை, உயரம், மண் மாற மாறக் காடும் மாறும். காடு மாறினால் அது நமக்குச் செய்யும் வேலையும் மாறும், கெட்டுப்போனால் அதைச் சரிசெய்யும் வழியும் மாறும்.

பிச்சாவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிதம்பரம் பக்கத்தில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, கடலோர உப்புச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடு. படகில் போகிறவர்கள் பார்ப்பது சுரபுன்னை மரத்தைத் தாங்கி நிற்கும் முட்டுவேர்களை. வெண்கண்டல் மரத்தடியில் இறங்கினால், சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மூச்சுவேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். காற்றுப் புகாத சேற்றில் வேர் சுவாசிப்பது அவை வழியாகத்தான். அந்த மரத்தின் இலையை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும்; உள்ளே போன உப்பை இலைவழி வெளியே தள்ளிவிடுகிறது. வேர்களுக்கு இடையில்தான் இறாலும் நண்டும் கொடுவா மீன் குஞ்சும் வளர்கின்றன. இந்தக் காடு அழிந்தால் முதலில் அடிபடுவது உப்பங்கழியில் வலை போடுகிறவர் பிழைப்புதான். சேற்றில் புதையும் இலையும் வேரும் சீக்கிரம் மக்குவதில்லை, அதனால் கார்பன் நெடுங்காலம் மண்ணுக்குள்ளேயே தங்குகிறது. 2004 சுனாமியில் அலையின் வேகத்தை இந்தக் காடு தணித்தது என்று பின்னால் இருக்கும் ஊர்க்காரர்கள் சொல்வார்கள். ஊரின் மேடும் கடலிலிருந்து உள்ள தூரமும் உதவியிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதே காட்டை ஒரு காலத்தில் பகுதி பகுதியாக மொட்டையாக வெட்டினார்கள். நிழல் போனதும் களிமண் காய்ந்து அமிழ்ந்து, நிலம் குழிந்தது. ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், ஏறும்போது உள்ளே வந்த நீர் இறங்கும்போது வெளியேறவில்லை. தேங்கியது வற்ற வற்ற உப்பு கூடியது. அந்த மண்ணில் எத்தனை கன்று நட்டாலும் பிழைக்காது. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து முதலில் வெட்டியது வாய்க்கால். நடுவே பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மீன்முள் வடிவில். ஓதம் தினமும் ஏறி இறங்கி உப்பைக் கழுவியது. அப்புறம்தான் கன்று.

நீலகிரி மேட்டில் நிலைமை நேர் எதிர். அங்கே மலை மடிப்புகளில் சோலை எனும் அடர்ந்த குட்டை மரக்காடு, மேடெல்லாம் புல்வெளி. உறைபனி விழும் அந்தத் திறந்த வெளியில் பெரும்பாலான மரக்கன்றுகள் தாங்காது, புல் தாங்கும். மழையைப் பிடித்து ஓடைகளுக்கு மெல்ல விடுவதில் சோலைக்கும் புல்லுக்கும் பங்கு உண்டு. வரையாட்டுக்கு மேய்ச்சலும் அந்தப் புல்தான். அதைத் தரிசு என்று எண்ணி தைலமரமும் வாட்டில் எனும் சீகை மரமும் நட்டார்கள். இன்று அங்கே பல இடங்களில் காடு மீட்பு என்றால் அந்நிய மரத்தை அகற்றுவது. ஆனால் பழைய தைலத் தோப்பின் நிழலில் சோலைக் கன்றுகள் தானாக எழும்பியிருந்தால், அங்கே கோடரி வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாடு போன்ற வறண்ட முட்காட்டில் இன்னும் எளிது. வெளிமான் ஓட வெட்டவெளி வேண்டும். குழி வெட்டி வரிசையாகக் கன்று வைக்காமல், சீமைக்கருவேலத்தை எடுத்துவிட்டுச் இடத்தைச் சும்மா பாதுகாத்தாலே பெரிய உதவி.

சரி, செலவு செய்ய முன்வருகிறவர்களிடம் என்ன கேட்பது? அலையாத்திப் பகுதி என்றால், மீன்முள் வாய்க்கால்கள் வண்டல் படிந்து தூர்ந்துகொண்டே இருக்கும். தூர் வாராவிட்டால் உப்பு திரும்பிவிடும். புதுக் கன்றுக்குப் பணம் எளிதில் கிடைக்கிறது, தூர் வாரும் கூலிக்குக் கிடைப்பதில்லை. முதலில் அதற்குக் கொடுங்கள். அந்த வேலையையும் பக்கத்துக் கிராமத்து மீனவர்களிடமே ஒப்படையுங்கள்.