திட்டுவது நின்ற பிறகும் கவனியுங்கள்

செய்தி வந்த மறுநாள் போனில் கத்தும் அரசியல்வாதியை எந்த நிருபரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. செய்தி மேசையில் இருக்கும் நாங்களும் "விடுப்பா, ரெண்டு நாள்ல அடங்கிடுவார்" என்போம். பெரும்பாலும் அடங்கிவிடுவார்கள். அப்படி அடங்காத ஒருவரின் கதையை, புதிதாக வேலைக்குச் சேரும் நிருபர்களிடம் தவறாமல் சொல்வேன்.

ஜெஃப் ஜெர்மன், அமெரிக்காவில் 'லாஸ் வேகஸ் ரிவ்யூ-ஜர்னல்' நாளிதழின் புலனாய்வு நிருபர். அந்த ஊரின் மாஃபியாவையும் ஊழலையும் பற்றி நாற்பது ஆண்டுகளாக எழுதியவர். அவரைக் கொன்றது மாஃபியா அல்ல. ராபர்ட் டெல்லெஸ் என்ற உள்ளூர் அரசியல்வாதி. கேட்பாரற்று இறந்தவர்களின் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் கிளார்க் கவுண்டி (லாஸ் வேகஸ் அடங்கிய மாவட்டம்) அலுவலகத்தின் அப்போதைய தலைவர். சின்ன அலுவலகம்தான், ஆனால் தேர்தலில் ஜெயித்து வரவேண்டிய பதவி.

ஊழியர்களை மிரட்டுகிறார், வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டுகிறார், பெண் ஊழியர் ஒருவருடன் தகாத உறவு வைத்திருக்கிறார் என்று அலுவலகத்துக்குள்ளிருந்தே வந்த புகார்களை 2022 மே மாதம் ஜெர்மன் எழுதினார். டெல்லெஸ் மறுத்தார். ஜூனில், வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சியின் உட்தேர்தலில் தோற்றார். ட்விட்டரில் ஜெர்மனைப் பெயர் சொல்லியே சாடினார். செப்டம்பர் 2 அன்று, 69 வயது ஜெர்மன் தன் வீட்டுக்கு வெளியே குத்திக் கொல்லப்பட்டார்.

இதில் நான் அழுத்திச் சொல்வது தேதிகளைத்தான். தேர்தல் முடிந்து இரண்டரை மாதம் ஆகியிருந்தது. எந்தச் செய்தி மேசையும் அந்த விவகாரத்தை மறந்திருக்கும். ஆனால் ஜெர்மன் ஓயவில்லை. டெல்லெஸின் அலுவலக மின்னஞ்சல்களைக் கேட்டு மனு போட்டிருந்தார். உட்தேர்தலில் தோற்றவருக்கு அடுத்த செய்தியும் காத்திருந்தது. ஆத்திரம் எப்போது உச்சத்துக்குப் போகும் என்று நாம் போடும் கணக்கு பெரும்பாலும் தப்பு. தன் பாதுகாப்பைப் பற்றி ஜெர்மன் ஆசிரியர் குழுவிடம் கவலை தெரிவித்ததே இல்லை என்று அந்த நாளிதழ் பின்னர் சொன்னது. அனுபவசாலிகள் வாய் திறக்க மாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும், அதுவும் செய்தி வந்த வாரத்தில் மட்டுமல்ல, ஃபாலோ-அப் ஓடும்வரை.

அப்புறம், துப்பு துலக்கியதில் அவருடைய சக நிருபர்களுக்கும் பங்கு உண்டு. போலீஸ் வெளியிட்ட படத்தில் இருந்த அரக்கு நிறக் காரைப் போன்ற ஒன்று டெல்லெஸின் வீட்டில் இருந்ததை அவர்கள் கவனித்தார்கள். அந்த வீட்டைப் போலீஸ் சோதித்தபோது, கொலையாளி அணிந்திருந்ததைப் போன்ற வைக்கோல் தொப்பி துண்டு துண்டாக வெட்டப்பட்டுக் கிடைத்தது. ஜெர்மனின் நகத்தடியில் டெல்லெஸின் டிஎன்ஏ இருந்தது. போராடியிருக்கிறார். தன்னைச் சிக்கவைத்துவிட்டார்கள் என்ற வாதத்தை ஏற்காத ஜூரி, 2024 ஆகஸ்டில் டெல்லெஸைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை, குறைந்தது 28 ஆண்டுகள் சிறையில் இருந்த பிறகே பரோலில் விடுதலை கேட்க முடியும்.

எங்கள் மேசையில் ஒரு நோட்டு இருக்கிறது. யார் போன் செய்தார், எத்தனை மணிக்கு, என்ன வார்த்தை சொன்னார் என்று அன்றே எழுதிவிட வேண்டும். ஒரே ஆளைக் குறிவைத்துத் திட்டு வந்தால், அடுத்த செய்திக்கு இன்னொரு நிருபரின் பெயரும் சேரும். வீட்டுப் பக்கம் யாராவது வந்தால் உடனே போலீஸில் புகார். "சும்மா மிரட்டுறார் சார்" என்ற பதிலை நான் ஏற்பதில்லை.

இன்னொன்று, ரகசியத் தகவலாளிகள். ஜெர்மனின் போனையும் கணினிகளையும் போலீஸ் கைப்பற்றியது. அவற்றில் இருந்த பெயர்களைக் காக்க நாளிதழ் நீதிமன்றம் போனது. தகவல் தந்தவர் யார் என்று சொல்லாமல் இருக்க நிருபருக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு, அவர் இறந்த பிறகும் தொடரும் என்று 2023 அக்டோபரில் அந்த ஊர் இருக்கும் நெவாடா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லா ஊரிலும் அப்படிச் சட்டம் கிடையாது. தகவல் தருபவரின் உண்மைப் பெயரை உங்கள் போனில் சேமிக்காதீர்கள்.