பவளப்பாறை: சொல் விளக்கம்

பழம்பாடல்களில் பவளத்துக்குத் துகிர் என்றும் ஒரு பெயர் உண்டு. பூம்புகாரில் குவிந்த சரக்குகளைச் சொல்லும்போது 'குணகடல் துகிரும்' என்கிறது பட்டினப்பாலை. பவளம், பவழம் இரண்டும் வடமொழிப் 'பிரவாள'த்திலிருந்து பிராகிருதம் வழியாக வந்தவை. எல்லாமே நகைக்கான சிவப்பு மணியைக் குறித்தவைதான்.

கோரல் ரீஃப் என்பதற்குப் பவளப்பாறை என்று பெயர் வைத்ததில் சின்னக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. திட்டு கட்டும் பவளம் வேறு இனம். மன்னார் வளைகுடாவில் முங்கிப் பார்த்தால் பழுப்பும் பச்சையுமே அதிகம் தெரியும். 'பாறை'யும் முழுக்கச் சரியில்லை. நெல்மணி அளவுள்ள உயிர்கள் லட்சக்கணக்கில் கூடி, கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தலைமுறை தலைமுறையாகக் கட்டியது அது. அதனால் பவளப்புற்று என்ற சொல்லே எனக்குப் பிடிக்கும். கறையான் புற்றைப் போலக் கட்டியவர்களும் உள்ளேயே இருக்கிறார்கள். என்ன, புற்று என்றதும் நோய் ஞாபகம் வந்துவிடுகிறது.

மீனவர்கள் சுருக்கமாகப் 'பார்' என்பார்கள். இலங்கைத் தமிழில் முருகைக்கல். நெடுந்தீவில் வேலி மதில்களே முருகைக்கல்லால் ஆனவை. கல் என்று பார்த்தால் வெட்டவும் தோன்றும் அல்லவா? தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல காலம் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தடுக்க ஆளில்லாமல், மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் கடலுக்குள் போய்விட்டன. 2001இல்தான் இந்தக் கல்பவளங்களைக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியோடு சேர்த்தார்கள்.

அப்புறம், செய்திகளில் அடிக்கடி வரும் 'வெளுப்பு'. வெளிறல் என்பது பொருத்தமாக இருக்கும். பவள உயிரின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. சோறும் நிறமும் பெரும்பாலும் அவை தருவதே. கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, அந்தச் சூடு சில வாரம் நீடித்தாலே பாசிகள் வெளியேறிவிடும். கண்ணாடி போன்ற தசைக்குள் வெள்ளை எலும்புக்கூடு தெரியும். மன்னார் வளைகுடாவில் 2010லும் 2016லும் இது பெரிய அளவில் நடந்தது. வெளிறிய பவளம் செத்த பவளம் அல்ல. பட்டினி கிடக்கும் பவளம். தண்ணீர் சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும், பவளமும் தேறும். சூடு தொடர்ந்தால்தான் சாவு.